மழைநாளில் கோடியக்கரை: தண்ணீரின் ஆழம் பார்த்துப் பயணம் திட்டமிடுதல்

கோடியக்கரைக்கு எப்போது போகலாம் என்று கேட்டால், பொங்கல் கழித்துப் போங்கள், அதற்குமுன் மழை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பூநாரைகளை மட்டும் பார்க்க வேண்டும், கால் நனையாமல் திரும்ப வேண்டும் என்பவருக்கு இது சரியான அறிவுரை. ஆனால் நான்கைந்து நாள் கடலோரத்தில் தங்கி, பறவைகளையும் பார்த்து, ஓய்வும் எடுத்துத் திரும்ப நினைக்கும் குடும்பத்துக்கு அக்டோபர் நடுப்பகுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலான மழைக்காலத்தையே இந்த அத்தியாயம் பரிந்துரைக்கிறது. மழை இங்கே பறவைகளை மறைக்கும் திரையாக வருவதில்லை. எந்தப் பறவை எந்த இடத்தில் நிற்கும் என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. வரைபடத்தில் ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டு வரிசையாகப் போய்ப் பார்ப்பவர் மழைக்காலத்தில் ஏமாறுவார். சதுப்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, ஏறுகிறதா வடிகிறதா என்று பார்த்து அன்றைய இடத்தைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவது குறைவு.

முதலில் மழையைப் பற்றிய அச்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. கடலோர மாவட்டங்களில் அது 60 விழுக்காட்டை ஒட்டி வரும். ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். ஆனாலும் இது கேரளத்து ஆனி, ஆடி மழைபோல வாரக்கணக்கில் விடாமல் பெய்யும் மழையில்லை. வங்கக் கடலில் ஒரு தாழ்வுநிலை உருவாகும். இரண்டு மூன்று நாள் கொட்டும். பிறகு வெயில் எடுக்கும். நாலைந்து நாள் கழித்து அடுத்தது வரும். தாழ்வுநிலை எதுவும் இல்லாத நாட்களில் கரையோர மழைக்கு ஒரு வழக்கம் உண்டு. இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, கடலிலிருந்து வரும் வாடைக்காற்றோடு கரையருகே மோதுவதால், பின்னிரவிலும் விடியற்காலையிலும் மழை கூடுதலாகவும் பகலில் குறைவாகவும் இருக்கும். ஆகவே ஐந்து மணிக்கு மழைச் சத்தம் கேட்டு, இன்று அவ்வளவுதான் என்று போர்வையை இழுத்துக்கொள்ள வேண்டாம். எட்டு மணிக்கு வானம் வெளுத்துவிடக்கூடும். பறவை பார்ப்பவர்கள் விடியலை விடவே கூடாது என்ற பொதுவிதி இந்தக் கரையில், இந்த மாதங்களில், அவ்வளவு கண்டிப்பானதில்லை.

இனி நிலத்தின் அமைப்பு. சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து தெற்காக இறங்கி வந்து கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. அறுபது கிலோமீட்டர் அளவில் கடலைத் தாண்டினால் யாழ்ப்பாணக் கரை. இந்த மூலையில் மணல்மேட்டின் மீது உலர் பசுமைக் காடு. அதற்கு மேற்கே, கடலிலிருந்து ஒரு மணல்திட்டால் பிரிக்கப்பட்டு, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது வேதாரண்யம் சதுப்பு. அதன் கரையில் உப்பளங்கள். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதி சிறியதுதான். சதுப்பையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் 2002இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. தமிழகத்திலிருந்து அந்தப் பட்டியலில் நுழைந்த முதல் ஈரநிலம் இது. இந்த இடத்தின் மதிப்பை எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் சாலிம் அலி. அவர் சார்ந்திருந்த மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வலசையை ஆராய்ந்து வருகிறது.

இங்கே ஆழத்தை நிர்ணயிப்பது எது என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அங்கே கரைப்பறவை பார்ப்பவர் கையில் ஓத அட்டவணை இல்லாமல் கிளம்ப முடியாது. கோடியக்கரையில் ஓதத்தின் ஏற்றஇறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எனவே ஓத அட்டவணை இங்கே உங்களுக்கு அதிகம் உதவாது. சதுப்பின் தண்ணீரை ஏற்றுவது மழையும், டெல்டாவிலிருந்து வடிந்து வரும் ஆற்றுநீரும்தான். அதை இடம் மாற்றுவது காற்று. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, உப்புப் பூத்துக் கிடக்கும் தரை, ஐப்பசியில் முதல் நல்ல மழைக்குப் பிறகு விரலளவு நீரோடு மின்னும். கார்த்திகை நடுவில் முழங்காலைத் தொடும். அதன்பின் தை, மாசியில் மெல்ல வற்றும். இத்தனை அகலமான, இத்தனை தட்டையான நிலத்தில் வாடைக்காற்று இரண்டு நாள் வலுவாக அடித்தால், தாம்பாளத்தைச் சாய்த்ததுபோல நீர் தென்மேற்குப் பக்கம் ஒதுங்கும். வடகிழக்கு ஓரத்தில் சேறு வெளியே தெரியும். நேற்று நீர் நின்ற இடத்தில் இன்று உள்ளான்கள் மேய்வதற்கு இது ஒரு காரணம்.

இப்போது கால்களைப் பாருங்கள். கொசு உள்ளானின் கணுக்காலெலும்பு இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியத் தரிசிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்துவரும் அந்தச் சிறு பறவையால் மூன்று விரற்கடை ஆழமுள்ள தண்ணீரில் இரை தேட முடியாது. வளைமூக்கு உள்ளானுக்குச் சற்று நீளம் அதிகம். பவளக்காலிக்கும் பச்சைக்காலிக்கும் இன்னும் அதிகம். நெடுங்கால் உள்ளான் பெயருக்கேற்றபடி நல்ல ஆழம்வரை நடக்கும். நின்றால் ஒன்றேகால் மீட்டரைத் தாண்டும் பெரும் பூநாரைக்கு முழங்காலளவு நீர் ஒரு பொருட்டில்லை. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகின் சல்லடையால் நீரையும் சேற்றையும் அரித்து உண்ண அதற்குத் தண்ணீர் வேண்டும். இந்தியாவில் அது பெருமளவில் கூடு கட்டுவது கச்சின் ரண்ணில். அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கூட்டங்கள் இங்கே சேர்ந்து நிற்பது சதுப்பு நிறைந்த பிறகுதான். ஆக, சதுப்பில் ஏறும் ஒவ்வோர் அங்குல நீரும் ஒரு கூட்டத்தை வெளியேற்றி இன்னொரு கூட்டத்துக்கு இடம் தருகிறது. செப்டம்பர், அக்டோபரில் சிறு கரைப்பறவைகள். நவம்பரில் கலவையான கூட்டங்கள், நாரைகள், கரண்டிவாயன்கள், வாத்துகளின் முன்னணி. டிசம்பர் கடைசியிலிருந்து பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும். பொங்கலுக்குப் பின் போகிறவர் இந்த நாடகத்தின் மூன்றாம் அங்கத்தை மட்டும் பார்க்கிறார். அது அழகானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மாற்றம் நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் மழைக்குள்தான் போக வேண்டும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், மழை அதிகமானால் பறவைகள் சிதறிவிடும் என்பது. அது உண்மை. சதுப்பு முழுக்க நிரம்பிவிட்டால் சிறு கரைப்பறவைகள் தங்க இடமின்றிப் போய்விடும். பல கூட்டங்கள் இன்னும் தெற்கே நகர்ந்துவிடும். மிஞ்சியவை வயல், குளம், உப்பளம் என்று பரவிவிடும். நவம்பர் கடைசி வாரத்தில் வந்து வெறும் நீர்ப்பரப்பைப் பார்த்துவிட்டு, கோடியக்கரையில் ஒன்றுமில்லை என்று சொல்லிப் போகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் சிதறிய பறவை எங்கே ஒதுங்கும் என்பதை யூகிக்க முடியும் என்பதுதான் என் பதில். சதுப்பு ஏறும்போது ஆழம் குறைந்த நீர் எங்கே மிச்சமிருக்கும்? உப்பளப் பாத்திகளில். மழை தொடங்கியதும் உப்பு வாருவது நின்றுவிடுகிறது, ஆட்கள் இல்லை, பாத்திகளில் சாண் உயரத்துக்கும் குறைவாக மழைநீர், சுற்றிலும் வரப்புகள். நீர் ஏறிய நாட்களில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வரப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஓய்வெடுக்கும். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு வரும் சாலையின் ஓரத்திலேயே, அகஸ்தியம்பள்ளியைத் தாண்டியதிலிருந்து இத்தகைய அளங்கள் தெரியும். வண்டியை ஓரங்கட்டி, உள்ளே இருந்தபடியே பார்க்கலாம். அளங்கள் தனியார் அல்லது குத்தகை நிலம் என்பதால் கேட்காமல் வரப்பில் இறங்கக் கூடாது. மழையில் ஊறிய வரப்பு ஒருவர் எடைக்கே சரியும். அதை மறுபடி அணைப்பது அளத்துக்காரரின் உழைப்பு. அடுத்து, நடவு முடிந்த வயல்கள். மஞ்சள்மூக்கு நாரையும் அரிவாள்மூக்கனும் கொக்குகளும் இந்த நாட்களில் சதுப்பைவிட வயலில் எளிதாகக் கிடைக்கும். காட்டுக்குள் இருக்கும் முனியப்பன் ஏரி போன்ற நன்னீர்க் குட்டைகள் மூன்றாவது இடம். மூன்றையும் பார்த்த பிறகும் எதுவும் இல்லையென்றால் கடற்கரைக்குப் போய்விடுங்கள். மீன் இறங்கும் இடத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் ஆலாக்களும் செம்பருந்துகளும் எந்த மழையிலும் இருக்கும்.

மேகமூட்டத்தைக் குறையாகச் சொல்கிறவர்கள் சதுப்பில் வெயிலோடு பார்த்துப் பழகாதவர்கள். திறந்த உப்புநிலத்தில் தெளிவான நாளொன்றில் காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் தரை சூடேறி, கானல் ஆடத் தொடங்கிவிடும். அதன்பின் எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியில் பார்த்தாலும் இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் உள்ளான் நெளியும் சாம்பல் புள்ளிதான். கால் நிறம், அலகின் வளைவு, புருவக்கோடு எதுவும் தெரியாது. மேகம் மூடிய நாளில் கானல் இல்லை. எதிர்வெளிச்சத்தின் உறுத்தலும் இல்லை. பத்து மணிக்கும் பதினொன்றுக்கும்கூட ஒரே சீரான வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்கலாம். ஒன்றைப் போல் ஒன்றிருக்கும் கரைப்பறவைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல பாடவேளை கிடையாது. வெளிச்சம் குறைவாக இருக்குமே என்றால், அதற்குக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் தீர்வு உண்டு. 8x42 இருநோக்கியில் கண்ணை எட்டும் ஒளிவட்டம் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 10x42இல் நான்கைச் சற்றே தாண்டும். மப்பு நாளில் எட்டு மடங்கு போதும். காற்றில் கை நடுங்கும்போதும் அதுவே தேவலை. புகைப்படம் எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பருவத்தை மனதார என்னால் பரிந்துரைக்க முடியாது. கறுத்த வானத்தில் பறக்கும் பறவையைப் பிடிப்பது சிரமம். பூநாரையின் இளஞ்சிவப்பும் வெயில் பட்டால்தான் படத்தில் எடுபடும்.

காட்டைப் பற்றி ஒரு சொல். கோடியக்கரை என்றாலே தண்ணீர்ப் பறவை என்று நினைப்பதால், பாலை மரங்கள் அடர்ந்த அந்த மணற்காட்டைப் பலர் மான் பார்க்கும் பாதையாக மட்டும் கடந்துவிடுகிறார்கள். தெற்கே போகும் சிறு பறவைகளுக்குக் கடலைத் தாண்டுமுன் நிற்க நிழல் தரும் கடைசிக் காடு அது. அக்டோபர், நவம்பரில் ஆறுமணிக் குருவி அங்கே இலைச்சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்; அரசவால் ஈபிடிப்பானும் வரும். தை மாதத்துக்குள் இந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி கடந்துபோய்விடும் என்பதால், மழைக்காலப் பயணத்துக்கு இது தனியாக ஒரு காரணம். கனத்த மழை பெய்யும்போது இவை வாய் திறக்காது. மழை விட்ட முதல் அரைமணி நேரம் பொன்னானது. பசியோடு ஒதுங்கியிருந்தவை எல்லாம் ஒரே சமயத்தில் இரை தேட வெளியே வரும். தரை மணலாக இருப்பதால் நீர் உடனே இறங்கிவிடும். காலில் சேறு ஒட்டாது. சதுப்புக் களிமண் இதற்கு நேர்மாறு; அங்கே செருப்பையே விழுங்கிவிடும், காரை நிச்சயம் விழுங்கும். தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் ஈரம் கோத்த தாழ்நிலத்தை விட்டு மேட்டுப் புல்வெளிக்கு வரும். பாம்புகளும் அதே மேட்டைத்தான் தேடும் என்பதால் கணுக்கால் மூடிய காலணி அவசியம். காட்டுக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். மழை நாட்களில் உட்பாதைகளை மூடிவிடுவதும் உண்டு. முதல் நாள் மாலையே வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவைத்தால் மறுநாள் காலை வீணாகாது.

ஒரே ஒரு ஆட்சேபத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அது புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது கோடியக்காட்டின் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன, மான்கள் மடிந்தன, ஊர்கள் பல நாள் மின்சாரமின்றிக் கிடந்தன. நான் பரிந்துரைக்கும் அதே வாரங்களில்தான் அது வந்தது. ஆகவே மழைக்குப் போகலாம், புயலுக்குப் போகக் கூடாது என்ற கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வானிலை ஆய்வு மையத்தின் சொற்களில் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை காற்றுள்ளது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல். வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகக்கூடும் என்ற செய்தி வருவதாலேயே பயணத்தை விட்டுவிடத் தேவையில்லை. அது பல சமயம் இரண்டு நாள் மழையோடு போய்விடும். அது தாழ்வு மண்டலமாக வலுப்பெற்று, தமிழகக் கரை நோக்கி நகர்கிறது என்ற அறிக்கை வந்தால் கிளம்ப வேண்டாம். கிளம்பிவிட்டீர்கள் என்றால் அன்றே உள்நாட்டுக்கு, திருத்துறைப்பூண்டிப் பக்கமோ தஞ்சாவூருக்கோ, திரும்பிவிட வேண்டும். நாகை துறைமுகத்தில் என்ன கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதை மீனவர்களிடம் கேளுங்கள். அவர்கள் படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டத் தொடங்கிவிட்டால் விவாதம் முடிந்தது. இந்த ஏற்பாட்டுக்கு ஏற்றபடி அறையும் வண்டியும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியவையாக இருக்கட்டும். தேதியை இறுக்கிக் கட்டிக்கொண்டவருக்கு மழைக்காலப் பயணம் பொருந்தாது. விடுமுறை அந்த வாரம்தான் கிடைக்கும் என்பவர்கள் ஜனவரிக்கே போகட்டும்.

பறவையில் நாட்டமில்லாதவர்கள் கூட வந்தால் என்ன செய்வது? கோடியக்கரையிலேயே தங்கும் வசதி குறைவு. பறவைக்காகவே வருகிறவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேதாரண்யம் பொருத்தம். குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் வேளாங்கண்ணி நல்லது: அறைகள் ஏராளம், உணவகங்கள் உண்டு, மழை பெய்தாலும் நடமாட ஊர் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து கோடியக்கரைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வார இறுதிகளிலும் கிறிஸ்துமஸ் நாட்களிலும் கூட்டம் நெரியும். மழை கொட்டும் வேளைகளுக்கென்று கூரையுள்ள இடங்களைத் தனியாகப் பட்டியலிட்டு வையுங்கள். வேதாரண்யேசுவரர் கோயிலின் நீண்ட பிராகாரங்கள் அதற்கு ஏற்றவை. மழை சற்றுத் தணிந்ததும் அகஸ்தியம்பள்ளி உப்புச் சத்தியாகிரக நினைவிடத்துக்குப் போகலாம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்டு நடந்து வந்தவர்கள் அந்த மாதக் கடைசியில் இங்கேதான் உப்பு அள்ளினார்கள். நடையை ஏப்ரலில் வைத்ததற்குக் காந்தியின் தண்டி யாத்திரையே காரணம் என்றாலும், கார்த்திகையில் வந்திருந்தால் அள்ள உப்பே இருந்திருக்காது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அளத்தில் மழைநீர் நிற்பதை அவர்களே பார்த்திருப்பார்கள். கடலில் குளிக்கும் ஆசையை மட்டும் இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள். வாடைக்காலத்தில் வங்கக் கடல் பக்கம் கரடுமுரடாக இருக்கும். பாக் நீரிணைப் பக்கம் பார்வைக்கு அமைதி, காலடியில் சேறு.

சாமான்களில் குடையைவிடத் தலைமூடியுள்ள மழைச்சட்டை மேல். குடை காற்றுக்கு நிற்காது. திறந்த வெளியில் திடீரென்று விரியும் குடையைக் கண்டு கூட்டம் முழுக்க எழும்பிவிடும். கொசுவலையும் டார்ச்சும் மறக்க வேண்டாம். குளிரூட்டிய அறையிலிருந்து இருநோக்கியை நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் பூத்து, அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. இரவே அதைப் பையோடு குளிரில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். கடல்காற்றில் லென்சில் படிவது வெறும் தண்ணீரல்ல, உப்பு. அதைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். நீர்புகாத கருவியானால் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மென்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வரப்பில் அடைந்திருக்கும் கூட்டத்தை நெருங்குவதில் மட்டும் கண்டிப்பு வேண்டும். சதுப்பு நிரம்பிய நாளில் அவற்றுக்கு வேறு போக்கிடம் குறைவு. பறவைகள் மேய்வதையோ அலகைச் செருகித் தூங்குவதையோ நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், நீங்கள் ஏற்கெனவே அதிக நெருக்கத்தில் இருக்கிறீர்கள். வந்த தடத்திலேயே பின்வாங்கி, வண்டிக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு பாருங்கள். காலோடு நடந்து வரும் மனிதரைக் கண்டு எழும்பும் உள்ளான், சாலையோரம் நிற்கும் காரை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.